வினோத அலகுள்ள கரைப்பறவைகள்: பார்க்கும்போதும் படமெடுக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடற்கரையில் விசித்திரமான அலகோடு ஒரு பறவை தென்பட்டதும், பக்கவாட்டில் நாலு படம் தட்டிவிட்டுத் திருப்தியாக நகர்ந்துவிடுகிறோம். முதல் தவறே அதுதான். அலகின் நுனி கரண்டி போல அகன்றிருக்கும் கரண்டிமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நின்றால் அதன் கரண்டி ஏறக்குறைய மறைந்துபோகும். கூட்டத்தில் இருக்கும் மற்றச் சிறிய உள்ளான்களைப் போலத்தான் தெரியும். நேர் முன்னாலிருந்தோ சற்றுச் சாய்வாகவோ பார்த்தால்தான் நுனியின் அகலம் பிடிபடும். இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் உண்டு. சாதாரண உள்ளானின் அலகு நுனியில் ஒரு துளி சேறு ஒட்டியிருந்தால் அச்சு அசல் கரண்டி மாதிரியே இருக்கும். அவசரப்படாமல் அது அலகைத் தண்ணீரில் அலசும்வரை காத்திருங்கள். சேறு போய்விடும், கரண்டி போகாது. அப்புறம் அறிவிக்கலாம்.

அடுத்தது, வளைந்த அலகைப் பார்த்ததும் 'ஊனம்' என்று முடிவுகட்டுவது. நீண்ட அலகுள்ள மூக்கான், உள்ளான் போன்ற கரைப்பறவை வகைகள் பலவற்றுக்கு மேல் அலகின் நுனியை மட்டும் தனியாக மேலே வளைக்க முடியும். சேற்றுக்குள் ஆழமாகக் குத்தியபடியே, முழு வாயையும் திறக்காமல், நுனியால் மட்டும் புழுவைக் கவ்வுவதற்கான ஏற்பாடு அது. இறகு கோதும்போதோ கொட்டாவி விடுவதுபோல் வாய் திறக்கும்போதோ அந்த நொடி படத்தில் சிக்கினால், அலகு ஒடிந்துபோனதாகத் தோன்றும். தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களைப் புரட்டிப் பாருங்கள். அடுத்த படத்திலேயே அலகு நேராகியிருக்கும். எல்லாப் படத்திலும் அதே கோணல், அதுவும் மேலும் கீழும் பொருந்தாமல் குறுக்கே போனால்தான் நோயையோ காயத்தையோ பற்றி யோசிக்க வேண்டும்.

நியூசிலாந்தின் ரைபில் (Wrybill) என்ற கரைப்பறவை இதில் தனி ரகம். அதன் அலகு பக்கவாட்டில் வளைந்தது, அதுவும் எப்போதும் வலப்பக்கம்தான். கூழாங்கற்களுக்கு அடியில் இருக்கும் பூச்சிகளை எடுக்க அது உதவுகிறது. படம் அழகாக அமையட்டும் என்று கணினியில் இடம் வலமாகத் திருப்பிவிட்டால் உலகில் இல்லாத பறவை ஒன்று உருவாகிவிடும். பொதுவாகவே கரைப்பறவைப் படங்களைத் திருப்பாதீர்கள். ஆய்வாளர்கள் அடையாளத்துக்காக மாட்டும் கால் வளையங்களின் வரிசையும் மாறிவிடும்.

அலகின் நீளத்தை மட்டும் நம்பி இனம் சொல்வதும் ஆபத்து. பெரிய கோட்டானில் (ஆந்தையல்ல, கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள கரைப்பறவை) பெண்ணின் அலகு ஆணினுடையதைவிட நீளம். இளம்பறவையின் அலகோ குட்டையாக இருப்பதால் சிறு கோட்டானோ என்று குழம்ப வைக்கும். தலையில் பளிச்சென்ற பட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், அது சிறு கோட்டானின் அடையாளம். சிப்பி பிடிப்பானில் நுனியின் வடிவமே உணவுக்கேற்ப மாறும். சிப்பியைத் தட்டி உடைப்பவற்றுக்கு மழுங்கிய நுனி, புழு தோண்டுபவற்றுக்குக் கூரிய நுனி. அலகு வளர்ந்துகொண்டே, தேய்ந்துகொண்டே இருப்பதால் உணவு மாறினால் வடிவமும் மாறும். ஆகவே நுனியை நெருக்கமாக எடுப்பதோடு அது என்ன தின்றது என்பதையும் ஒரு படத்தில் பிடித்துவிடுங்கள்.

கேமரா விஷயத்தில் ஒன்றுதான் பெரிதாகச் சொல்ல வேண்டும். கண்ணில் ஃபோகஸ் வைத்து, லென்ஸின் துளையை (அபெர்ச்சர்) முழுக்கத் திறந்து எடுத்தால், நம்மை நோக்கி நிற்கும் நீண்ட அலகின் நுனி மங்கிவிடும். எஃப் 8 அளவுக்கு மூடுங்கள். இரை கொத்தும் வேகத்துக்கு ஷட்டர் 1/1600 நொடி அல்லது அதைவிட விரைவாக இருக்கட்டும். வெள்ளை வயிறு வெளுத்துப்போகாமல் வெளிச்சத்தைச் சற்றுக் குறையுங்கள், அவ்வளவுதான். கூர்மையூட்டும் செயலிகளிடம் அலகை ஒப்படைக்காதீர்கள். இல்லாத நுனியை அவை வரைந்துவிடுகின்றன.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது துரத்தல். 2022இல் ஒரு இளம் பட்டைவால் மூக்கான் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை இடையில் எங்கும் இறங்காமல் சுமார் 11 நாளில் பறந்தது. அப்படிப்பட்ட பயணத்துக்குக் கொழுப்பைச் சேர்க்கும் பறவையை ஒரு படத்துக்காகத் திரும்பத் திரும்பக் கிளப்புவது என்ன நியாயம்? உச்ச ஓதத்தில், அதாவது கடல்நீர் மிக உயரமாக ஏறியிருக்கும்போது, கூட்டமாக ஒண்டி ஓய்வெடுக்கும்போது கிட்டே போகவே கூடாது. மேய்வதை நிறுத்தித் தலை தூக்குகின்றனவா, ஒரே பக்கமாக விலகி நடக்கின்றனவா? நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

ஓதம் ஏறத் தொடங்கும்போதே போய், வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்து, மணலில் குப்புறப் படுத்துவிடுங்கள். தண்ணீர் மேலேற ஏற மேயும் பறவைகள் தாமாகவே உங்கள் பக்கம் நகர்ந்து வரும். கிளம்பும்போது கடல் பக்கமாகப் போகாமல், வந்த வழியே தாழ்வாக ஊர்ந்து விலகுங்கள்.