பிற்பகலுக்கு மாறிய மார்கழி

ஆண்டுதோறும் ஜனவரியில் நான் எழுதிவைக்கும் குறிக்கோள்களில், நேரில் கச்சேரி கேட்பது என்பது மட்டும் டிசம்பர் முடியும்வரை நிறைவேறாமலே நின்றது. அலுவலகம் விட்டு, நெரிசலைக் கடந்து மயிலாப்பூர் சேர்வதற்குள் மாலைக் கச்சேரியில் பாதி முடிந்திருக்கும்.

இந்த ஆண்டு, மீதமிருந்த விடுப்பை மார்கழியில் எடுத்துக்கொண்டு, பல சபாக்கள் இளம் கலைஞர்களுக்கு ஒதுக்கும், பெரும்பாலும் கட்டணமில்லாத பிற்பகல் கச்சேரிகளுக்குச் சென்றேன். ஒரு நாளுக்கு ஒரே சபா என்று வரையறுத்துக்கொண்டது அதைவிடப் பயன் தந்தது. அடுத்த அரங்குக்கு ஓடும் அவசரம் இல்லாததால், தாள வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும், பலர் எழுந்து கேன்டீனுக்குச் செல்லும் தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, ஒவ்வொரு முறையின் நீளத்தையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே, முடிப்புக்கான தாளக் கோவைகளான மோராவுக்கும் கோர்வைக்கும் வந்துசேரும் கணக்கை அமர்ந்து பின்தொடர முடிந்தது. (கேன்டீன் அடையை நான் குறை சொல்லவில்லை; கச்சேரி முடிந்த பின்னும் அது கிடைக்கும்.) கூட்டம் குறைந்த அரங்கில் முன்வரிசையிலேயே இடம் கிடைத்தது.

ஒரு ராகத்தையும் ஒரு பல்லவி வரியையும் நெடுநேரம் விரித்துப் பாடும் ராகம் தானம் பல்லவிக்கு மட்டும் இந்த வழி போதவில்லை. பிற்பகல் கச்சேரியின் குறுகிய நேரத்தில் அது அமைவது அரிது. அதற்காக மாலைக் கச்சேரி ஒன்றுக்கு முன்னதாகவே சீட்டு வாங்கி, அன்றும் விடுப்பு எடுத்தேன்.