ஒரே லேப்டாப்பில் நாலு லாகினா? இதைப் பாருங்கள்

கோத்தகிரி பக்கம் பல வீடுகளில் ஒரே லேப்டாப்தான். அப்பாவின் பச்சைத் தேயிலை எடைக் கணக்கும் அதில்தான், பிள்ளைகளின் படிப்பும் அதில்தான். ஆளுக்கொரு லாகின் இருக்கிறதே, பத்திரம் என்று நினைக்கிறோம். விண்டோஸ் மாதிரி ஓர் இயங்குதளமான உபுண்டு போட்டிருந்தால் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பிள்ளையின் லாகினில் நுழைந்து அப்பாவின் ஃபோல்டரைத் திறங்கள். பாஸ்புக் ஸ்கேன் பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துவிடலாம்!

உபுண்டு 21.04 பதிப்புக்கு முன்பு ஹோம் ஃபோல்டரின், அதாவது ஒவ்வொரு லாகினுக்கும் உள்ள சொந்த ஃபோல்டரின், அனுமதி எண் 755. லாகின் உள்ள யாரும் உள்ளே எட்டிப் பார்க்கலாம், மாற்றத்தான் முடியாது. 21.04இல் புதிய கணக்குகளுக்கு 750 ஆக்கினார்கள், அதாவது மற்றவர்கள் எட்டிப் பார்க்கவும் முடியாது. ஆனால் பழைய பதிப்பிலிருந்து அப்டேட் செய்துகொண்டே வந்த மெஷினில் பழைய அனுமதியே நிற்கும்.

இதை மட்டும் வைத்து வெளியாள் இன்டர்நெட் வழியாக நுழைய முடியாது, அதனால் பதற வேண்டாம். ஹோம்ஸ்டே வரவேற்பறை மாதிரி பலர் உட்காரும் கணினி என்றால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஹோம் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், பர்மிஷன்ஸ். அங்கே அதர்ஸ் (Others, மற்றவர்கள்) என்பதற்கு நன் (None) என்று வையுங்கள். கட்டளை தட்டும் டெர்மினல் பழகியவர்களுக்கு ஹோம் ஃபோல்டர் மேல் சிஎச்மாட் (chmod) 750 போதும். ஒவ்வொரு லாகினிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அப்புறம் அடுத்தவர் லாகினில் போய் மறுபடி திறந்து பாருங்கள்.