உண்ணி நாய்மேல் இல்லை, தூணில்
காரைக்குடியில் எங்கள் வளவு வீட்டு நாய் கருப்பன் மூன்று நாள் சோறு தொடவில்லை. சூடு என்று மோர் ஊற்றினோம். உண்ணிக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசினோம். நாலாம் நாள் மூக்கில் ரத்தம். பரிசோதனையில் உண்ணி பரப்பும் எர்லிக்கியா கிருமி, ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் அதலபாதாளம். டாக்டர் எடைக்கேற்ப டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லியை 28 நாள் எழுதினார். வெறும் வயிற்றில் வாந்தி. சோற்றோடு கொடுத்ததும் தங்கியது.

இரண்டே நாளில் வாலாட்டினான். மருந்து முடியுமுன் மறுபடி உண்ணி! டார்ச் அடித்தால் திண்ணைத் தூண் வெடிப்பில், நிலைக்கதவு இடுக்கில், ஆளுயரத்துக்கு மேலே கூட்டமாக. இது சுவரேறும் ஜாதி. நாயைவிட்டு இறங்கி இடுக்கில்தான் முட்டையிடும். நான் ஆத்தங்குடித் தரையை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தேன். நாயை அப்புறப்படுத்திவிட்டு வெடிப்புக்குள் மருந்தடித்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. அதோடு நின்றது. மிச்ச வேப்பெண்ணெய் விளக்குக்குப் போகிறது.