ரியூனியன் எரிமலை பாக்க வர்றீங்களா, விடியறதுக்கு முன்னாடி கெளம்பிடுங்க

ஊர்ல இருந்து யாரு வந்தாலும் ஏர்போர்ட்ல இறங்கின உடனே கேக்குற மொத கேள்வி "எரிமலைக்கு எப்ப கூட்டிட்டு போவீங்க"ன்னு தான். எனக்கு பாண்டிச்சேரி, கல்யாணம் ஆகி இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற இந்த பிரெஞ்சு தீவுக்கு, இங்க தாம்போன் ஊருக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு, சொந்தக்காரங்க, அவங்களோட சொந்தக்காரங்கன்னு எத்தனையோ பேர மேல கூட்டிட்டு போயாச்சு, அதனால ஒவ்வொருத்தருக்கும் போன்ல தனித்தனியா சொல்றத இங்கயே எழுதி வெச்சிடலாம்னு தோணுச்சு.

முதல்ல நேரம். எங்க அம்மா முதல் தடவை வந்தப்ப நாங்க பொறுமையா இட்லி எல்லாம் சாப்ட்டு பத்து மணிக்கு கெளம்பினோம், மேல எரிமலைய நின்னு பாக்குற எடமான பா த பெல்கோம்ப் போய் சேர்றப்ப பதினொன்றரை, ஒரே மேகம், பக்கத்துல நிக்கிற கார் கூட தெரியல. அம்மா சேலைக்கு மேல என்னோட ஸ்வெட்டர போட்டுக்கிட்டு கம்பிய புடிச்சு நடுங்கிக்கிட்டே "மலை எங்கடி"ன்னு கேட்டாங்க, எனக்கு பதில் சொல்ல முடியல. அவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்தவங்களுக்கு அன்னிக்கு காட்ட எதுவுமே இல்ல. வெயில் ஏற ஏற கடல் பக்கத்து ஈரக்காத்து மலைச்சரிவுல ஏறி மேகமா மாறிடும், நெறைய நாள்ல காலையில ஒம்பது பத்து மணியோட மலை மறைஞ்சுடும். அதனால நீங்க எங்க தங்கினாலும் சரி, விடியறப்ப மேல நிக்கிற மாதிரி கணக்கு பண்ணிக்கோங்க. ஜூலையில சூரியன் வர ஏழு மணி கிட்ட ஆகும், டிசம்பர்ல அஞ்சரைக்கே வெளிச்சம் வந்துடும். தெற்குல சேன் பியேர்ல தங்கினா ஒன்றரை மணி நேரம் வெச்சுக்கோங்க, வடக்குல தலைநகர் சேன் தெனின்னா ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆகும். மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் வர்றது நல்லது, அதுக்கப்புறம் மழை, புயல் சீசன்.

குளிர யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. கீழ கடற்கரையில இருபத்தஞ்சு டிகிரி இருக்கும், பெல்கோம்ப் 2311 மீட்டர் உயரம், ஜூலை ஆகஸ்ட் விடியக்காலையில புல்லு மேல உறைபனி வெள்ளையா படிஞ்சு கெடக்கும். தொப்பி, மூடின ஷூ, ஜாக்கெட், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, இதெல்லாம் கண்டிப்பா வேணும். மேல போற வழியில பூர் மூரா ஊர தாண்டினா பெட்ரோல் பங்க் கெடையாது, டேங்க அதுக்கு முன்னாடியே நிரப்பிடுங்க.

போற வழியில நே த பெஃப்ங்குற எடத்துல அஞ்சு நிமிஷம் நில்லுங்க, கீழ ரிவியேர் தெ ரோம்பார் பள்ளத்தாக்கு தலை சுத்துற ஆழத்துல தெரியும். அப்புறம் ஒரு வளைவு திரும்பினா ப்ளேன் தெ சாப்ல், மரம் செடி எதுவுமே இல்லாம செவப்பும் கருப்புமா விரிஞ்சு கெடக்குற வெளி, அங்க மெதுவா ஓட்டுங்க, இறங்கி நின்னும் பாருங்க.

பெல்கோம்ப்ல நின்னா எதிர்ல தான் நம்ம எரிமலை, பித்தோன் த லா ஃபுர்னேஸ், 2632 மீட்டர். நடக்க முடிஞ்சவங்க ஐநூறு படிக்கு மேல இறங்கி எரிமலைய சுத்தியிருக்கிற பள்ளத்துக்குள்ள போகணும், திரும்பி வர்றப்ப அதே படிய ஏறணும்ங்குறத மனசுல வெச்சுக்கிட்டு இறங்குங்க. முட்டி வலி இருக்கிறவங்க மேலயே நின்னா போதும், அங்கயிருந்தே நல்லா தெரியும். ஓரளவு நடப்பேன்னா ஃபோர்மிக்கா லியோ வரைக்கும் போங்க, 1753ல உண்டான சின்ன கூம்பு, காவி நிறத்துல இருக்கும், குழந்தைங்களுக்கு ரொம்ப பிடிக்கும். உச்சியில எரிமலையோட வாயான தொலோமியூ பள்ளத்தோட விளிம்பு வரைக்கும் போய்ட்டு வர அஞ்சாறு மணி நேரம் ஆகும், வழியில நெழலே கெடையாது. பாறை மேல வெள்ளை பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, அத விட்டு ஒரு அடி கூட விலகாதீங்க, மூடுபனி வந்துட்டா அது ஒண்ணுதான் வழி. எரிமலை வெடிக்க ஆரம்பிச்சா படிக்கட்டு கேட்ட பூட்டிடுவாங்க, அப்ப எங்க இருந்து பாக்கலாம்னு பிரெஃபெக்சர்ல (அரசு நிர்வாக அலுவலகம்) அறிவிப்பாங்க, அத கேட்டு நடந்துக்கோங்க, தயவுசெஞ்சு வேலி தாண்டாதீங்க.

இதோட எரிமலை முடிஞ்சுதுன்னு நெனச்சு நெறைய பேர் பீச்சுக்கு போயிடறாங்க, அது தான் எனக்கு பெரிய வருத்தம். இன்னொரு நாள் ஒதுக்கி மலையோட அடிவாரத்துக்கு போங்க, லாவா கடல்ல எறங்கின எடத்துக்கு. என்ன கேட்டா மேல பாக்குறத விட அது தான் மனசுல நிக்கும். தாம்போன்ல இருந்து சேன் ஜோசெஃப், சேன் ஃபிலிப் வழியா ரோட புடிச்சீங்கன்னா முதல்ல பொயின்த் த லா தாப்ல், 1986ல லாவா கடல்ல விழுந்து புதுசா உண்டான நெலம், அலை வந்து மோதி மேல தெறிக்கும், ஓரத்துக்கு போகாதீங்க. அத தாண்டி க்ரான் ப்ரூலேங்குற லாவா சரிவு வழியா போறப்ப ரோட்டோரம் ஒவ்வொரு லாவா ஓட்டத்துக்கும் எந்த வருஷம்னு பலகை இருக்கும். 2007 பலகை வந்தா வண்டிய ஓரம் கட்டுங்க. அந்த ஏப்ரல் மாசம் நான் இங்க வந்து ரெண்டு வருஷம் தான் ஆகியிருந்துச்சு, ராத்திரி தூரத்துல இருந்து பாத்தாலே வானம் செக்கச்செவேல்னு இருந்துச்சு, லாவா மெயின் ரோட்ட மூடிக்கிட்டு கடல்ல எறங்குச்சு, மேல தொலோமியூ பள்ளம் முன்னூறு மீட்டர் அளவுக்கு உள்ள இடிஞ்சு விழுந்துச்சு. குனிஞ்சு பாருங்க, கருப்பு பாறை மேல சாம்பல் வெள்ளையில சின்ன சின்ன கல்பாசி ஒட்டியிருக்கும், வெடிப்புக்குள்ள இருந்து ஒரு ஃபெர்ன் செடி தலைய நீட்டும். பழைய வருஷத்து பலகை கிட்ட போனீங்கன்னா அங்க மரமே வளந்திருக்கும், காடு எப்படி திரும்பி வருதுன்னு கார்ல போற போக்குலயே வரிசையா பாத்துடலாம். அந்த 2007 லாவா உண்டாக்கினது தான் த்ராம்ப்ளே கடற்கரை, அங்க கருப்பு மணல உள்ளங்கையில எடுத்து வெயில்ல காட்டுங்க, நடுவுல பச்சை கண்ணாடி பொடி மாதிரி மின்னும், ஒலிவின்ங்குற கனிமம் அது. குளிக்க மட்டும் எறங்காதீங்க, அலையும் மோசம், சுறாவும் உண்டு, குளிக்கணும்னா மேற்குப் பக்கம் பவளப்பாறை தடுப்புக்குள்ள இருக்கிற லகூன் தான்.

அப்புறம் பித்தோன் சேந்த் ரோஸ்ல நோத்ர் தாம் தெ லாவ் சர்ச். 1977 ஏப்ரல்ல ஊர காலி பண்ணிட்டாங்க, லாவா வீடுங்கள எல்லாம் எரிச்சுக்கிட்டு வந்து சர்ச் வாசப்படி வரைக்கும் வந்து ரெண்டா பிரிஞ்சு சுத்திக்கிட்டு போயிடுச்சு. உறைஞ்சு போன அந்த லாவா கல்லு இன்னும் செவுத்த ஒட்டியே நிக்குது. என் மாமியார் தாம்போன் மலபார் குடும்பம் (தமிழ் வம்சாவளிக்காரங்கள இங்க அப்படித்தான் சொல்வாங்க), தமிழ் பேச வராது, ஆனா மாரியம்மனுக்கு தீமிதிக்கு விரதம் இருக்கிறவங்க, அந்த சர்ச் வாசல்ல செருப்ப கழட்டிட்டு தான் உள்ள போவாங்க.

சாப்பாட்ட கையிலயே எடுத்துட்டு போங்க, இங்க எல்லாரும் அப்படித்தான், ஞாயித்துக்கெழமை ஆன்ஸ் தெ காஸ்காத்ல குண்டான் அடுப்போட குடும்பம் குடும்பமா உக்காந்திருப்பாங்க. ரோட்டோரக் கடையில பொன்போன் பிமான் வாங்குங்க, சூடா இருந்தா நம்ம வடையே தான். மார்க்கெட்ல பிரெஞ்சு தெரியலயேன்னு பயப்படாதீங்க, கருவேப்பிலைக்கு இங்க கலுப்பிலே, கொத்தமல்லிக்கு கொத்தொமிலி, முருங்கைக்கீரைக்கு ப்ரேத் முருங், கேட்டா உடனே எடுத்து குடுப்பாங்க.

இன்னொரு விஷயம், இந்த மலைக்கு அடியில இருக்கிற அதே வெப்பம் தான் ஆறரை கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம தக்காணத்துல கருப்பு எரிமலைப் பாறைய கொட்டுச்சு, நிலம் வடக்க நகர நகர லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ்னு வழி நெடுக அதோட தடம் இருக்கு. அம்மா ரெண்டாவது தடவை வந்தப்ப விடியக்காலையில பெல்கோம்ப்ல நின்னு இத சொன்னேன். அன்னிக்கு மேகமே இல்ல, மலை முழுசா தெரிஞ்சுது, அம்மா ஒண்ணும் பேசாம ரொம்ப நேரம் கைகூப்பி நின்னாங்க.