சாட் சுருக்கெழுத்தைக் குறைக்க போனைப் பழக்குவது எப்படி

பட்டன் போனில் ‘ப்ளீஸ்’ என்று ஆங்கிலத்தில் அடிக்க 13 அழுத்தம் வேண்டும். ‘பிஎல்இசட்’ என்றால் 8 போதும். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து, தமிழில் அடித்தால் 70தான். அன்றைக்குச் சுருக்கியது நியாயம். வாட்ஸ்அப்பில் அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் பிறந்தநாளுக்கு ‘ஹெச்பிடி’, சாவுக்கு ‘ஆர்ஐபி’ என்றே போகிறது. அடிக்கிற விரலுக்குச் சுருக்கம் இருக்கட்டும், படிக்கிறவருக்கு முழுச் சொல் போகட்டும். போனே இதைச் செய்யும்.

முதலில் ஒரு வார சாட்டைப் புரட்டி, நீங்கள் அதிகம் போடும் ஐந்தாறு சுருக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓடிபி, ஈபி போன்றவை எல்லோருக்கும் புரியும், விட்டுவிடலாம். ‘டிசி’ போன்றவைதான் சிக்கல்: பத்திரமாக இருங்கள் என்று நீங்கள் அனுப்ப, பள்ளிப் பிள்ளை இருக்கும் வீட்டில் மாற்றுச் சான்றிதழ் ஞாபகம் வரும்.

ஆண்ட்ராய்டில் கூகுளின் கீபோர்டான ஜிபோர்டின் செட்டிங்ஸுக்குள் ‘டிக்‌ஷனரி’, அதில் ‘பெர்சனல் டிக்‌ஷனரி’. மொழியைத் தேர்ந்து, கூட்டல் குறியைத் தொட்டு, மேலே ‘பிறந்தநாள் வாழ்த்துகள்’, கீழே ஷார்ட்கட்டாக ‘பிவா’ என்று கொடுங்கள். அடுத்து ‘பிவா’ அடித்ததும் கீபோர்டின் மேல்வரிசையில் முழு வாழ்த்து வரும். அதைத் தொட வேண்டும். வராவிட்டால், பெரும்பாலும் ஒரு மொழியில் சேமித்துவிட்டு இன்னொரு மொழிக் கீபோர்டில் அடித்திருப்பீர்கள். தங்கிலீஷில் அடிப்பவர்கள் ஆங்கிலத்தின் கீழ் சேர்க்க வேண்டும்.

ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, ‘டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்’. இங்கே ஸ்பேஸ் தட்டியதும் தானாகவே மாறிவிடும், அதனால் ஷார்ட்கட் ஒரு நிஜச் சொல்லாக இருக்கக் கூடாது. வாழ்த்துக்கு ‘வா’ என்று வைத்தால், ‘சீக்கிரம் வா வீட்டுக்கு’ என்பது ‘சீக்கிரம் வாழ்த்துகள் வீட்டுக்கு’ என்று போய் நிற்கும்.

‘நாளைக்கு’ என்பதற்கான ‘டிஎம்ஆர்டபிள்யூ’வை விரிப்பதைவிட தேதியையே போடுங்கள். அந்த மெசேஜை மறுநாள் யாராவது ஃபார்வர்டு செய்தால் ஒரு நாள் தள்ளிப் போய்விடும்.

இரங்கலை மட்டும் ஷார்ட்கட்டில் சேர்க்காதீர்கள். குரூப்பில் நாற்பது பேர் ஒரே வரியைப் போட்டிருக்கும்போது உங்களுடையதும் அதோடு கரைந்துவிடும். குடும்பத்தாருக்குத் தனியாக அனுப்புங்கள்: இறந்தவரை முறை சொல்லிக் குறிப்பிட்டு, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த ஒரு வரி, துக்கம் விசாரிக்க என்றைக்கு வருகிறீர்கள் என்பது.