கறி வெட்டும் தொழிலுக்குப் புதிதாக வருபவருக்கு: எங்கே சேர்வது, எதை முதலில் பழகுவது

சேரும் இடத்தை முதலில் பாருங்கள். பெட்டியில் வரும் துண்டுகளை எடை போட்டு விற்கும் கடையில் எத்தனை வருடம் நின்றாலும் விற்பனைதான் கைவரும். ஆடோ மாடோ முழு உடலாகவோ பாதி உடலாகவோ வந்து இறங்கும் கடையில் உதவியாளாகச் சேருங்கள். முதல் சில வாரம் தரை கழுவுவது, கட்டையைச் சுரண்டுவது, எலும்பு அள்ளுவது என்றே போகும். அலுத்துக்கொள்ளாமல் செய்யுங்கள். மூத்தவரின் கை எந்த இடத்தில் நிற்கிறது, எந்த இடத்தில் திரும்புகிறது என்பதை அருகில் நின்று பார்க்க அந்த நாட்கள்தான் வாய்ப்பு.

கத்தி

தொடக்கத்தில் இரண்டு போதும். எலும்பு நீக்க 13 முதல் 15 செ.மீ. அலகுள்ள ஒடுக்கமான கத்தி ஒன்று, சதையைத் துண்டுபோட 25 செ.மீ. கத்தி ஒன்று. கனத்த வெட்டுக்கத்தியைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். அதை முதலில் கையில் எடுத்தவர் மூட்டைத் தேடப் பழகுவதே இல்லை, எல்லாவற்றையும் ஓங்கிப் போட்டுவிடுவார். விளைவு, கறி முழுக்க எலும்புச் சில்லு.

தீட்டக் கற்பது வெட்டக் கற்பதற்கு முந்திய பாடம். 1000 எண் சாணைக்கல்லில், ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 பாகைச் சாய்வில், முனையில், அதாவது வெட்டும் விளிம்பில், மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டும்வரை தேயுங்கள். பிறகு மறுபக்கம். சாய்வு ஆடினால் முனை உருண்டுபோகும். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள். தீட்டுக்கம்பியின் வேலை வேறு. வளைந்த முனையை அது நிமிர்த்தும், புது முனை உண்டாக்காது. ஐந்தாறு முறை இழுத்தும் கத்தி தொங்கவிட்ட தாளை அறுக்கவில்லை என்றால் கல்லுக்குத் திரும்புங்கள்.

மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்தம் கூடுகிறது, சறுக்குகிறது, அவ்வளவுதான். கத்தி பிடிக்காத கையில் இரும்புவளையக் கையுறை போடுங்கள். கத்தி கைநழுவினால் பிடிக்கப் போகாதீர்கள். காலை நகர்த்தி விழ விடுங்கள்.

மூட்டு தேடுதல்

கோழியில் தொடங்குங்கள், கெட்டால் நட்டம் குறைவு. தொடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே தோலை மட்டும் கீறி, காலை வெளிப்பக்கம் மடக்குங்கள். மூட்டு 'டக்' என்று கழன்று வெள்ளைக் குமிழ் தெரியும். அந்த இடைவெளியில் கத்தி தானாகப் போகும். தடுத்தால் நீங்கள் எலும்பின் மேல் இருக்கிறீர்கள். அழுத்தாமல் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள்.

அடுத்து ஆட்டின் முன்கால். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இங்கே இருக்கிறது: ஆட்டுக்கு முன்காலை உடலோடு இணைக்கும் எலும்பு மூட்டே கிடையாது, தசைதான் தாங்குகிறது. ஆகவே ரம்பம் வேண்டாம். காலைத் தூக்கிப் பிடித்தால் அக்குளில் சவ்வு விரியும். கத்தி முனையால் அந்தச் சவ்வை மட்டும் கீறிக்கொண்டே, மற்றக் கையால் காலை இழுத்தபடி தோள்பட்டை எலும்பின் மேல் விளிம்புவரை போங்கள். பாதி வேலையை இழுக்கும் கைதான் செய்கிறது. கத்தி விலாப்பக்கம் சாய்ந்தால் விலாக்கறியின் மேல்சதை முன்காலோடு போய்விடும், விலாத் துண்டுகள் வெறும் எலும்பாக நிற்கும்.

பின்தொடையில் நிலைமை மாறும். அங்கே இடுப்புக் குழியில் பந்துபோல எலும்பு உட்கார்ந்திருக்கிறது. காலை ஆட்டிப் பார்த்து அசையும் புள்ளியைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தசைநாரை அறுத்தால் கழன்று வரும்.

குளிர்

வெட்டிய கறி 0 முதல் 4 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5க்கும் 60க்கும் இடையில். அதனால் மேசைக்குத் தேவையானதை மட்டும் வெளியே எடுங்கள். அதற்காக, அறுத்த உடனே உடலைக் கடுங்குளிரில் தள்ளுவதும் தவறு. தசை விறைப்பதற்கு முன் 10 பாகைக்குக் கீழே போனால் இழைகள் சுருங்கிவிடும், பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் ரப்பர்தான். ஆட்டில் இது மாட்டைவிடச் சுலபமாக நேரும், உடல் சிறியது, சீக்கிரம் குளிர்ந்துவிடும்.

கொத்துக்கறி அரைக்கும்போது கறியும் இயந்திரத்தின் அலகும் இரண்டுமே சில்லென்று இருக்கட்டும். கொழுப்பு பசைபோல அப்பிக்கொண்டு வந்தால், அலகு மழுங்கியிருக்கிறது அல்லது கறி சூடேறியிருக்கிறது.

தராசு

ஒவ்வொரு உடலையும் வெட்டும் முன் நிறுத்து எழுதுங்கள். வெட்டியபின் கறி, எலும்பு, கொழுப்பு, கழிவு என்று தனித்தனியே நிறுங்கள். 10 கிலோவில் 7 கிலோதான் விலைபோகும் என்றால், ஒரு கிலோவின் அடக்கம் வாங்கிய விலையைப்போல 1.43 மடங்கு. கூலியும் வாடகையும் இன்னும் சேரவில்லை. நான்கு கணக்கையும் கூட்டினால் பழைய எடை ஏறக்குறைய வர வேண்டும். நீர் கசிவதால் கொஞ்சம் குறையும். அதற்கு மேல் குறைந்தால், எலும்போடு ஒட்டிக் கழிவுக் கூடைக்குப் போன கறியைத் தேடுங்கள்.