எல்-1 மேல் பழி போடுவதற்கு முன்: அரசு அலுவலகப் பசுமைக் கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“பசுமையா வாங்கணும்னு ஆசைதான் சார், எல்-1 விடமாட்டேங்குதே!” எல்-1 என்றால் டெண்டரில் தகுதி பெற்றவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர் என்ற முறை. கொள்முதல் பிரிவில் உட்கார்ந்தவர்கள் ஒருமுறையாவது இதைச் சொல்லியிருப்போம். பாதி உண்மை. மீதிப் பாதி நாம் எழுதிய ஸ்பெக்கின், அதாவது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பின், குறை. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, ஆவணத்தில் அறிவித்த அளவுகோலை வைத்துத்தான் மதிப்பிட முடியும். அதில் எழுதாத எதையும் விலைப்புள்ளி திறந்த பிறகு நுழைக்க முடியாது.

மின்விசிறியையே எடுத்துக்கொள்வோம். ‘சீலிங் ஃபேன், 1200 மி.மீ., வெள்ளை’ என்று எழுதினால் விலை குறைந்த ஃபேன்தான் வரும். பழைய ரக ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும்; பி.எல்.டி.சி. எனும் மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் அளவில் ஓடிவிடும். தினம் 10 மணி நேரம், வருடம் 250 நாள் என்றால் ஒரு ஃபேனுக்கு 112 யூனிட் மிச்சம். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் சுமார் 900 ரூபாய். வாங்கும்போது 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் இரண்டு வருடத்துக்குள் கைக்கு வந்துவிடும். ஆனால் ஃபேன் வாங்குவது ஒரு கணக்குத் தலைப்பு, கரண்ட் பில் கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்க ஆளில்லை. இந்தக் கணக்கை டெண்டருக்கு முன்பே போட்டுக் கோப்பில் வையுங்கள். தணிக்கையில் கேள்வி வந்தால் கை கொடுக்கும்.

அதற்காக ஒரே கம்பெனியின் கேட்டலாக்கைப் பார்த்து அப்படியே ஸ்பெக் எழுதிவிடாதீர்கள். அளவெடுத்துத் தைத்த சட்டை என்று மறுநாளே புகார் வரும். அதிகபட்ச வாட், குறைந்தபட்சக் காற்றளவு, நட்சத்திரக் குறியீடு, உத்தரவாத காலம் என்று எழுதினால் போதும்.

நட்சத்திரத்திலும் ஒரு கண்ணி உண்டு. நட்சத்திரக் குறியீடு தரும் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. அவ்வப்போது அளவுகோலை இறுக்குகிறது. 2022 ஜூலையில் அப்படி மாறியபோது, அதுவரை 5 நட்சத்திரமாக இருந்த ஏ.சி. 4 ஆனது. வெறுமனே ‘5 ஸ்டார்’ என்று போட்டால், நிதியாண்டு முடியும் மார்ச் மாத அவசரத்தில் குடோனில் கிடந்த பழைய சரக்கு நம் தலையில் வந்து விழும். ‘சப்ளை செய்யும் நாளில் செல்லுபடியாகும் குறியீடு’ என்று எழுதுங்கள். பெட்டியைப் பிரித்ததும் லேபிளில் உள்ள காலத்தைப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

பொருளின் மேல் போட்ட பச்சை இலைப் படத்தை நம்புவது அடுத்த தவறு. ஆய்வுக் கூட்டத்துக்கு வரும் பேப்பர் டீ கப்பைக் கிழித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலம் உரியும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பட்டியலில் இதுவும் இருக்கிறது. ‘மட்கும் பிளாஸ்டிக்’ என்று விற்பதில் பெரும்பாலானவை தொழிற்சாலை அளவிலான உரக்கூடத்தின் சூட்டில்தான் மட்கும். அலுவலகத்துப் பின்பக்கக் குழியில் மட்காது. எவர்சில்வர் டம்ளர் நூறு வாங்கி, கழுவும் வேலையைத் துப்புரவு ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவது மேல்.

கடைசியாக, பழசை என்ன செய்வது? இனி உதவாது என்று கழித்த கம்ப்யூட்டர்களைக் காயலான் கடைக்காரருக்கு ஏலம் விடுவது வழக்கமாகிப்போனது. 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளோ, பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்கின்றன. புதுசு வாங்கும் டெண்டரிலேயே பழசை எடுத்துக்கொள்ளும் ஷரத்தைப் போட்டு, ஒப்படைத்த ரசீது வந்த பிறகு கடைசித் தவணையை விடுவியுங்கள்.